தரைக்குள் ஒளிந்த இயந்திரம்

தையல் இயந்திரம் பொருத்திய மேசையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தின் தலைப்பகுதியை மடக்கி மேசைக்குள் இறக்கிவிடுவார்கள். மேலே பலகையை மூடிவிட்டால் உள்ளே ஓர் இயந்திரம் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் அதன்மேல் நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பாடம் எழுதலாம். மறுபடி பலகையைத் திறந்தால் அதே மேசை தையற்கூடமாகிவிடும். ஒரே அறையில் உண்டு, உறங்கி, உழைக்க வேண்டிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

கருவியைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும் மேசைகளின் வரலாற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து தொடங்குவது வழக்கம். மேசையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால், மேசையே இல்லாமல் தரையில் அமர்ந்து வேலை செய்யும் ஊரில் இதே தேவை எழுந்தால் என்ன செய்வது? நம் நெசவாளர்கள் தரையையே மேசையாக்கினார்கள். கருவியின் ஒரு பகுதியைத் தரைக்குள் இறக்கினார்கள். அதற்குத் தறிக்குழி என்று பெயர். குழித்தறி இந்தியாவின் பல பகுதிகளிலும் உண்டு. எனினும் அதன் நிறை, குறை இரண்டையும் அறிந்துகொள்ளப் பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

தரையே மேசை

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் உள்ள பழைய நெசவாளர் வீடுகளில், கூடத்தின் பெரும்பகுதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கும். நெசவாளர் தரை மட்டத்தில் பலகையில் அமர்ந்திருப்பார். மடிக்கு முன்னால் படமரம். நெய்து முடித்த சேலை அதில் சுருண்டிருக்கும். அதற்கு அப்பால் ஆயிரக்கணக்கான பட்டிழைகள் விறைப்பாக நீண்டு கிடக்கும். இதுவே பாவு. அவருடைய கைகள் நாடாவை எறிவதும் அச்சை இழுத்து அடிப்பதும் நம் கண்ணில் படும். கால்களை மட்டும் காண முடியாது. அவை ஏறக்குறைய இரண்டு, மூன்று அடி ஆழமுள்ள குழிக்குள் இருக்கின்றன.

அந்தக் குழிக்குள்தான் மிதிகட்டைகள் இருக்கின்றன. மிதிகட்டைகளிலிருந்து கயிறுகள் மேலே சென்று விழுதுகளோடு இணைகின்றன. பாவின் ஒவ்வோர் இழையும் ஏதேனும் ஒரு விழுதின் கண் வழியாகச் செல்லும். ஒரு கட்டையை மிதித்தால் ஒரு தொகுதி இழைகள் கீழே இறங்கும். மற்றொரு தொகுதி மேலே எழும். இரண்டுக்கும் இடையே திறக்கும் வாயின் வழியே நாடா ஊடை இழையை இழுத்துச் செல்லும். அடுத்த கட்டையை மிதித்தால் மேலிருந்தவை கீழாகும், கீழிருந்தவை மேலாகும். துணி என்பது இந்த மாறி மாறி மிதிக்கும் செயலின் விளைவே. நெசவைக் கைத்தொழில் என்கிறோம். அதில் பாதி கால்தொழில். அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

ஏன் தோண்டினார்கள்?

மரச்சட்டம் அடித்து, உயரமான இருக்கையில் அமர்ந்து நெய்யும் தறிகளும் உலகில் உண்டு. பிறகு ஏன் மண்ணைத் தோண்ட வேண்டும்? இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, உறுதி. அச்சை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் தறி அதிர்கிறது. மரச்சட்டத் தறியில் அந்த அதிர்ச்சியைத் தாங்கக் கனமான மரங்கள் தேவை. குழித்தறியிலோ கம்பங்கள் நேரே தரையில் ஊன்றப்படுகின்றன. பூமியே சட்டமாகிவிடுவதால் ஆட்டம் குறைகிறது, மரச்செலவும் குறைகிறது.

இரண்டாவது, ஈரப்பதம். தரையை ஒட்டிய காற்றில், அதிலும் மண்குழியின் மேல், சற்றே ஈரம் இருக்கும். கஞ்சி போட்ட பருத்தி இழை வறண்டால் எளிதில் அறும். பட்டு வறண்டால் உராய்வினால் நிலைமின்சாரம் ஏறி, இழைகள் ஒன்றையொன்று விலக்கியும் ஒட்டியும் தொல்லை தரும். மிதமான ஈரம் இரண்டையும் அடக்கி வைக்கிறது. ஆலைகளில் இதற்கென்றே காற்றில் நீர்த்துளி தெளிக்கும் பொறிகளை அமைக்கிறார்கள். நெசவாளருக்கு அந்த வேலையை மண்ணே ஓரளவு செய்து கொடுத்தது.

மூன்றாவது காரணம் சுவையானது. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் பொறியை உருவாக்கினார். துளையிட்ட அட்டைகளே எந்தெந்த இழை மேலே எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அந்தப் பொறி, பின்னர் நம் நாட்டுத் தறிகளின் தலைக்கு மேலும் ஏறியது. மேலே உள்ள பெட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் விசிறிபோல் விரிந்து பாவுக்கு வருகின்றன. நடுவில் உள்ள கயிறு செங்குத்தாக இறங்கும். ஓரத்துக் கயிறு சாய்ந்து இறங்கும். பெட்டி மிகத் தாழ்வாக இருந்தால் சாய்வு அதிகமாகும். அப்போது பெட்டி ஒரே அளவு உயர்ந்தாலும், ஓரத்து இழைகள் நடு இழைகளின் அளவுக்கு எழுவதில்லை. எனவே பாவுக்கும் பெட்டிக்கும் இடையே நல்ல உயரம் வேண்டும். உயரமான இருக்கைத் தறியென்றால் அதற்குக் கூரையையே உயர்த்த வேண்டியிருக்கும். பாவு தரையை ஒட்டியே இருப்பதால் சாதாரண வீட்டுக் கூரைக்குள் ஜக்கார்டு பெட்டிக்கும் இடம் கிடைத்தது. என்றோ கால்களுக்காகத் தோண்டிய குழி, பிற்காலத்தில் வந்த பொறிக்கும் இடம் கொடுத்தது!

மேலும் ஒரு சிக்கனம் உண்டு. ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் வரை நெய்வார்கள். அத்தனை நீளத்தையும் விரித்து வைக்கக் கூடம் போதாது. ஆகவே நெய்ய வேண்டிய பகுதியை மட்டும் விரித்து, மீதியைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். பழைய முறைத் தறிகளில், அதைப் பிடித்திருக்கும் கயிறு எதிர்க் கம்பத்தைச் சுற்றி நெசவாளரின் கைக்கு எட்டும் இடத்துக்கே திரும்பி வரும். இருந்த இடத்திலிருந்து எழாமலே அவர் பாவைத் தளர்த்தலாம், இறுக்கலாம். தேவையானபோது விரியும், தேவையற்றபோது சுருங்கும். ஒளிக்கும் மேசையின் இலக்கணமும் இதுவேயல்லவா?

வரி கேட்டவர்களும் ஆலைக்கு அழைத்தவர்களும்

வீட்டுத் தரையில் ஊன்றிய தறி எளிதில் இடம் மாறாது. அதை எண்ணுவதும் எளிது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் 'தறி இறை' என்ற வரியைக் காண்கிறோம். பின்வந்த காலங்களில் அது 'தறிக்கடமை' என்றும் வழங்கியது. நிலத்துக்கு வரி விதித்ததுபோல் தறிக்கும் விதித்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலும் 'மொதுர்பா' என்ற தொழில்வரியின் ஒரு பகுதியாகத் தறிவரி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. வீட்டுக்குள் இருந்தாலும் தறி அரசின் கண்ணுக்கு ஒளியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னை மாகாணத்தின் தொழில் வளர்ச்சியில் ஆர்வம் காட்டிய ஆல்பிரட் சாட்டர்டன், 1906-ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஒரு கைநெசவுக் கூடத்தை ஏற்படுத்தினார். இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் கண்டுபிடித்த விசைநாடாவைப் பொருத்திய தறிகளில் நெசவாளரை ஒரே கூரையின் கீழ் அமர்த்தி, கூலி கொடுத்து நெய்யச் செய்வது திட்டம். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. நெசவாளர்கள்தாம் நிலைக்கவில்லை. வீட்டில் நெய்யும்போது மனைவி தார் சுற்றுவார், பெற்றோர் இழை பிரிப்பார்கள், வேலை நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். கூடத்துக்குப் போனால் ஒருவர் கூலி மட்டுமே மிஞ்சும். 1910-இல் அந்தக் கூடம் மூடப்பட்டது. நெசவாளர் வீட்டை விட்டு நகர மறுத்ததைப் பழமைப் பற்று என்று சிலர் பழித்தார்கள். உண்மையில் தறி என்பது தனி ஒருவரின் கருவியாக இருக்கவில்லை. முழுக் குடும்பமும் சேர்ந்து இயக்கிய கருவி அது.

மேல்நாட்டு மேசைகள்

இதே காலத்தில் மேல்நாடுகளிலும் கருவிகள் மரச்சாமான்களுக்குள் ஒளியத் தொடங்கியிருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

ஜெர்மனியின் நாய்வீட் நகரில் ஆபிரகாம் ரோண்ட்கன், அவர் மகன் டேவிட் ரோண்ட்கன் ஆகியோரின் பட்டறை 18-ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்றிருந்தது. 1779-இல் அங்கு உருவான ஓர் எழுதுமேசை, பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் வில்லியத்திடம் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரமுள்ள அதில் சாவியைத் திருப்பினால் மறைவான இழுப்பறைகள் வெளிவரும். படிப்பதற்கான சாய்பலகை எழும். உள்ளிருக்கும் கடிகாரம் இசைக்கும். வியக்கத்தக்க நுட்பம்! ஆனால் அரண்மனையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒளித்து வைத்தது வியப்பூட்டவும், இரகசியம் காக்கவும்தான்.

அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் வூட்டன் 1874-இல் காப்புரிமை பெற்ற மேசை, வணிகர்களுக்கானது. இரு கதவுகளைத் திறந்தால் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றறைகள் விரியும். மூடினால் ஓர் அலமாரி, ஒரே பூட்டு. அலுவலகத் தாள்கள் பெருகிய காலத்தின் விடை அது. நம் ஊர்க் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் அமர்ந்து எழுதிய சாய்வு மேசையும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்தது. மேலே எழுதுபலகை, அதைத் தூக்கினால் உள்ளே பேரேடு, மைக்கூடு, சில்லறை எல்லாம் இருக்கும். மூடிப் பூட்டினால் அதுவே பணப்பெட்டி.

காப்புரிமை பெற்ற வூட்டன் மேசையின் அதே ஆண்டில், அதாவது 1874-இல், ரெமிங்டன் நிறுவனம் ஷோல்ஸ்–கிளிடன் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் தையல் இயந்திரமும் செய்துவந்ததால், முதல் தட்டச்சுப் பொறிகளில் பல தையல் மேசை போன்ற தாங்கியில் அமைந்தன. ஒரு வரி முடிந்ததும் தாளைத் தாங்கும் வண்டியைத் திருப்புவதற்குக் கீழே மிதிகட்டை இருந்தது! தையல் இயந்திரத்திலோ ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற பொறிக்கே மிதிகட்டை உண்டு. அதை அனுப்பி வைத்த மரப்பெட்டியே அதன் மேசையாகவும் பயன்பட்டது. கைக்கு நுண்ணிய வேலை. உந்தும் வேலை காலுக்கு. கால் இருக்குமிடம் வேலைத்தளத்துக்கு அடியில். காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் காணும் வேலைப்பங்கீடும் இதுவே. எவரும் எவரையும் பார்த்துச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. மனித உடலின் அமைப்பே இரு இடத்திலும் ஒரே விடையைக் கொடுத்திருக்கிறது.

பெட்டிக்குள் ராட்டை

இயந்திரங்களைக் கடுமையாகக் குறை கூறிய காந்தியடிகள், 1924-இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்துப் பேசினார். வீட்டில் இருப்பவரின் உழைப்பை எளிதாக்கும் கருவி என்பதே காரணம். அந்தப் பார்வையோடு அவர் ராட்டையையும் நோக்கினார். பழைய ராட்டை பெரியது. எங்கும் தூக்கிச் செல்ல இயலாதது. 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம், சிறந்த ராட்டையை உருவாக்குபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. 1930-இல் எரவாடா சிறையில் இருந்தபோது காந்தியடிகள் பெட்டி ராட்டையைச் செம்மைப்படுத்துவதில் ஈடுபட்டார். அதனால் அதற்கு 'எரவாடா சக்கரம்' என்ற பெயரும் ஏற்பட்டது. பெட்டியைத் திறந்தால் பெரியதும் சிறியதுமாக இரு சக்கரங்களும் கதிரும் இருக்கும். பெரிய சக்கரம் சிறியதைச் சுழற்ற, சிறியது கதிரை மிக வேகமாகச் சுழற்றும். மூடினால் கையில் எடுத்துச் செல்லும் பெட்டி. பின்னர் பல கதிர்களைக் கொண்ட ராட்டையை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். அவர் பெயரின் ஒரு பகுதியே 'அம்பர் சர்க்கா' என்று நாடெங்கும் வழங்கியது.

ராட்டை பெட்டிக்குள் அடங்கிவிட்டது. தறியோ அவ்வாறு அடங்கவில்லை. ஏனெனில் நூற்பதற்கு ஒரு கதிரைச் சுழற்றினால் போதும். நெய்வதற்கு ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே இழுவிசையில் பிடித்து வைக்க வேண்டும். அந்த விசையைத் தாங்க வீட்டின் தரையே தேவைப்பட்டது.

ஒளிந்திருக்கும் உழைப்பு

கண்ணுக்குத் தெரியாத பகுதி எளிதில் மறந்துபோகும். பட்டுச் சேலையின் ஜரிகையையும் கரையையும் வியக்கிறோம், குழியை நினைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி, தறிக்குழியில் ஊற்றெடுக்கும். குழியில் நீர் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஈரம் இழைக்கு நன்மை செய்கிறது என்றோம். அதே ஈரத்தில் ஆண்டு முழுதும் கால்களை வைத்திருப்பவருக்கு அது நன்மையாவதில்லை. குனிந்த முதுகும், ஓயாமல் மிதிக்கும் முழங்காலும் நடுவயதிலேயே வலிக்கத் தொடங்குகின்றன. ஜக்கார்டு பெட்டியின் பாரத்தைத் தூக்குவதும் கால்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறைந்திருந்தது கால் மட்டுமன்று. காஞ்சிபுரச் சேலையின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று சொல்வது இதனால்தான். ஆனால் மூன்றாவது நாடாவை எறிய நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அந்த இடத்தில் சிறுவரோ சிறுமியோ அமர்ந்திருந்த வீடுகள் பல. சேலையில் நெசவாளர் பெயரே இல்லாதபோது, அந்தக் குழந்தையை யார் கணக்கில் வைத்தார்கள்? 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். போக வேண்டியதுதான். அதன்பின் கோர்வைக்குத் துணைக்கை கிடைப்பது அரிதாயிற்று. அந்த வேலைக்குத் துணையாளருக்கும் சேர்த்து ஒரு கூலி தேவை என்ற உண்மை அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

மாடியில் குழி தோண்ட முடியுமா?

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட சில பொருள்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2005-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் பெயரைக் காக்க இவை உதவுகின்றன. தறியில் அமர்பவரின் உடலைக் காக்கும் வேலை பொறியியலுடையது. அதில் சில படிகள் ஏறியிருக்கிறோம். ஜக்கார்டு பெட்டியைச் சிறு மின்மோட்டாரால் தூக்கும் அமைப்பு வந்திருக்கிறது. துளை அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு வந்திருக்கிறது. குழிக்குப் பதிலாக, மேடைபோல் உயர்த்திக் கட்டிய தறிகளும் இருக்கின்றன.

ஆனால் வீடுகளும் மாறிவிட்டன. நீண்ட கூடமும் மண்தரையும் கொண்ட ஓட்டு வீடுகள் குறைந்து, சிமெண்டு தளமும் மாடிக் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. மாடியில் குழி தோண்ட முடியாது. உயர்த்திய தறியை வைத்தால் ஜக்கார்டு பெட்டி கூரையில் முட்டும். அதை வைத்தபின் ஒரு கட்டில் போடவும் இடமிராது. தறி வீட்டை விட்டுப் போகும்போது, ஒரு நூற்றாண்டுக்கு முன் சேலத்தில் எழுந்த அதே கேள்வி திரும்ப எழுகிறது. குடும்பம் சேர்ந்து செய்த வேலையைத் தனி ஒருவர் கூலிக்குச் செய்து பிழைக்க முடியுமா?

பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு. பாவின் இழுவிசையைத் தாங்கும் உறுதி வேண்டும். பத்தடி உயரக் கூரைக்குள் ஜக்கார்டு அடங்க வேண்டும். கோர்வையின் மூன்றாவது நாடாவை நெசவாளர் தாமே இயக்க வேண்டும். கால் நனையக் கூடாது. முதுகு குனியக் கூடாது. வேலை முடிந்த மாலையில், தையல் இயந்திரம் மேசைக்குள் இறங்குவதுபோல், அறையில் ஓரளவு இடத்தையாவது அது விட்டுத்தர வேண்டும். நம் முன்னோர் ஒரு மண்வெட்டியையும் சில மரக்கட்டைகளையும் கொண்டு தங்கள் காலத்துக்கான விடையைக் கண்டார்கள். இன்று நம்மிடம் எஃகும் மோட்டாரும் கணிப்பொறியும் இருக்கின்றன. நம் காலத்துக்கான தறியை வரையத் தொடங்குபவர், முதலில் காஞ்சிபுரத்துத் தறிக்குழி ஒன்றில் ஒருநாள் இறங்கி அமர்ந்து பார்ப்பது நல்லது.